எச்பி (ஹீமோகுளோபின்) 7.6, மூச்சு மெஷினில் (வென்டிலேட்டர்) 41 நாள்: ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தலாமா?

பிறைக்காரி
செவ்வாய், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு ஃபெரியில் திரும்பும்போது என் தம்பியும் அத்தையும் போட்ட சத்தத்தில், எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். அதனால்தான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். 40 வருடம் சிகரெட் பிடித்தார், விட்டு ஆறு வருடம்தான் ஆகிறது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லி கிளினிக்கில் வாயில் இழுக்கும் பஃப் கொடுத்திருந்தார்கள். சளிக்காய்ச்சல் மாதிரி ஆரம்பித்தது நிமோனியா ஆகி, ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் போட்டு ஐசியுவில் (தீவிர சிகிச்சைப் பிரிவு) சேர்த்தார்கள். இன்றோடு 41 நாள். 16ஆம் நாள் தொண்டையில் துளை போட்டு டிரக்கி வைத்தார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, நிமோனியாவும் போய்விட்டது. ஆளைத் தெரிகிறது, கையைக் கொடுத்தால் அமுக்குகிறார். மெஷினை விட்டுத்தான் வர முடியவில்லை.

தினமும் காலையில் வென்டிலேட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, டிரக்கி வாயில் ஈர ஆக்சிஜன் வரும் ஒரு சின்ன மூடியை மாட்டுகிறார்கள். முதல் நாள் 20 நிமிடம் தாங்கினார். போன வெள்ளிக்கிழமை 2 மணி நேரம். நாங்கள் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை 50 நிமிடத்திலேயே நெற்றி வியர்த்து, தோள்பட்டை ஏறி இறங்கி, மூச்சு நிமிடத்துக்கு 38 ஆகிவிட்டது. திரும்பவும் மெஷின். நேற்றும் இன்றும் அதே கதை.

என்னிடம் ஒரு 555 புத்தகம் இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம்தான். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும், டீக்கடைக் கணக்குக்கு. அவர் படுத்த பிறகு அதையே எடுத்து, பின்பக்கத்திலிருந்து டாக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு வருகிறேன். சேர்த்த அன்று எச்பி 11.8. பத்தாம் நாள் 9.4. இருபத்தைந்தாம் நாள் 8.3. இன்றைக்கு 7.6. எங்கேயாவது ரத்தம் போகிறதா என்று கேட்டேன், இல்லை, மலத்தையும் சோதித்துவிட்டோம் என்றார்கள்.

அத்தைக்கு இந்த 7.6தான் எல்லாம். "ரத்தமே இல்லாத உடம்பு எங்கேருந்து மூச்சு விடும்? எண்ணெய் இல்லாத வண்டியை மிதிச்சா ஓடுமா?" என்கிறார். இளம் டாக்டர் ஒருவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகச் சொன்னார்: 7க்குக் கீழே போனால் கொடுப்போம், அதுவரை வேண்டாம், கொடுத்தால் நுரையீரலுக்குக் கெடுதலாகவும் ஆகலாம். ஆனால் இரண்டு கட்டில் தள்ளி இருக்கும் அங்கிளுக்கு நேற்று இரண்டு பை ஏற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். தம்பியும் அப்பாவும் ஓ பாசிட்டிவ். என் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் ஒரு பக்கம் நிற்கிறான்.

வற்புறுத்திக் கேட்கலாமா? ஏற்றினால் மெஷினிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாகிவிட்டது, அது தனிக் கணக்கு.


ஜெலுத்தோங் அண்ணன்
புதன், காலை 6.15

தங்கச்சி, கேட்டால்தான் கிடைக்கும். என் மாமியாருக்கு எச்பி 6 ஆனபோது இரண்டு பை போட்டார்கள், மறுநாளே எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்டார். சத்தம் போட்டுக் கேளுங்கள். அதோடு பீட்ரூட் சாறு, முருங்கைக்கீரை சூப், ஹாருவான் மீன் சூப் எல்லாம் கொடுத்துப் பாருங்கள். அப்பா நல்லபடியாக வருவார்.


பழைய மிஸ்ஸி
புதன், மதியம் 2.30

பிறைக்காரி, நான் செந்தூலில் இருக்கிறேன். கோலாலம்பூரில் ஐசியு மிஸ்ஸியாக (நர்ஸ்) 26 வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் ஏற்று என்றோ ஏற்றாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜெலுத்தோங் அண்ணனுக்கு. உங்கள் மாமியாருக்கு 6, இவர் அப்பாவுக்கு 7.6. உங்கள் மாமியார் சொந்த மூச்சில் இருந்தவர். இரண்டும் வேறு வேறு. அப்புறம், மூக்குக் குழாய் வழியாகப் பால் போகிற ஆளுக்கு யாரும் மீன் சூப் கொண்டுபோய் நிற்காதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் மாட்டிக்கொண்டு முழிப்பது அந்த ஷிப்ட் மிஸ்ஸிதான்.

அத்தை சொன்ன எண்ணெய்க் கணக்கு முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். எச்பி 14 இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட 19 மில்லி ஆக்சிஜன். 7.6 என்றால் 10 மில்லி, ஏறக்குறையப் பாதி. நாமெல்லாம் மூச்சு விடுவதற்குச் செலவாவது உடம்பின் மொத்த ஆக்சிஜனில் 5 சதவீதம்கூட இருக்காது. தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுக்கிறவருக்கு அது நாலில் ஒரு பங்கு வரைக்கும் போகும். இப்படி யோசித்துத்தான் முன்பெல்லாம் டாக்டர்களும் 10க்குக் கீழே விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை ரவுண்டில் 9.5 என்று வாசித்தால் போதும், மதியத்துக்குள் பை தொங்கும்.

1999இல் கனடாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஐசியு நோயாளிகள் 838 பேர். பாதிப் பேருக்கு எச்பி 7க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம், மீதிப் பேருக்கு 10க்குக் கீழே போனாலே ரத்தம். 30 நாளில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 18.7 சதவீதம், தாராளமாக ஏற்றிய கூட்டத்தில் 23.3. இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்பார்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் அதிகம் ஏற்றியதால் யாரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்பது தெரிந்துபோனது. அந்தக் கூட்டத்தில் வென்டிலேட்டரில் இருந்த 713 பேரை மட்டும் பிரித்து 2001இல் பார்த்தார்கள். குறைவாக ஏற்றியவர்கள் மெஷினில் இருந்தது சராசரியாக 8.3 நாள், தாராளமாக ஏற்றியவர்கள் 8.8 நாள். பை அதிகமாகத் தொங்கியதால் யாரும் சீக்கிரம் வெளியே வரவில்லை. உங்கள் இளம் டாக்டர் சொன்ன 7 இங்கேயிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் எட்டு ஒன்பது நாள் ஆட்கள், உங்கள் அப்பா 41 நாள். சிஓபிடியோடு மெஷினில் மாட்டிக்கொண்ட ஐந்து பேருக்கு எச்பியை 12க்கு மேல் ஏற்றிய பிறகு மெஷினை விட்டு வர முடிந்தது என்று 1998இல் ஜெர்மனியில் எழுதியிருக்கிறார்கள். அதே குழு இன்னொரு ஆய்வில், ரத்தம் ஏற்றிய பிறகு சிஓபிடிக்காரர்கள் மூச்சுக்குப் படும் பாடு குறைந்ததையும் அளந்து காட்டியது. ஐந்தே ஐந்து பேர்தான், அதை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. இருந்தாலும் 7, 7 என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிற டாக்டரைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும். மெஷினை விட்டு வருவதற்காக மட்டும் ரத்தம் ஏற்றலாமா என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. டாக்டருக்கு டாக்டர் மாறும்.

நுரையீரலுக்குக் கெடுதல் என்றது பயமுறுத்தல் இல்லை. பெயர் ஊர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு அம்மா இருந்தார், இதே மாதிரி டிரக்கியோடு. பகலில் ஆறு மணி நேரம் மெஷின் இல்லாமல் இருக்கப் பழகியிருந்தார். எச்பி 7.9. மகன்கள் விடாமல் கேட்டதால் ஒரு ராத்திரியில் இரண்டு பை, ஒன்றின் பின்னால் ஒன்று. இரவு ஷிப்டில் நான்தான். மூன்று மணிக்கு டிரக்கியில் சளி உறிஞ்சப் போனால் உறிஞ்சு குழாயில் இளஞ்சிவப்பாக நுரை வருகிறது. நுரையீரலில் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றச் சிறுநீர் மருந்து போட்டு, மெஷினின் அழுத்தத்தைக் கூட்டி, விடியற்காலை வரை கட்டில் பக்கத்திலேயே நின்றேன். ஆறு மணி நேரத்தில் இருந்தவர் திரும்பவும் அரை மணி நேரத்துக்கு வர எட்டு நாள் ஆனது. காலையில் எச்பி மட்டும் அழகாக 9.8 என்று வந்தது.

ஒரு பை சுமார் 300 மில்லி, எச்பியை ஏறக்குறைய 1 கூட்டும், அவ்வளவுதான். அது தண்ணீர் மாதிரி வெளியே போய்விடாது, ரத்தக் குழாய்க்குள்ளேயே நிற்கும். அதனால்தான் ஒன்று கொடுத்து, பார்த்து, அப்புறம் அடுத்ததை யோசிப்பார்கள்.

இரண்டு கட்டில் தள்ளி இருக்கும் அங்கிளை விடுங்கள். அவருக்கு ரத்தப்போக்கோ ஆபரேஷனோ என்னவோ. பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிட ஆரம்பித்தால் ஐசியு வாசலில் தூக்கமே வராது.

எங்கேயும் ரத்தம் போகவில்லை என்றார்களே, போகிறது. ஊசி வழியாகப் போகிறது. கணக்குப் போடுங்கள்: ஊதா மூடிக் குழாய் 3 மில்லி, மஞ்சள் மூடி 5, நீல மூடி 2.7. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஏபிஜிக்கு 1 மில்லி வீதம் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கையில் குத்தி வைத்திருக்கும் லைன் குழாயிலிருந்து முதலில் 3 மில்லி இழுத்துத் தூக்கி எறிவோம், அது 12. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 27 மில்லி. 41 நாளைக்கு 1,100 மில்லி. ரத்த தானம் கொடுக்கப் போனால் உங்களிடம் எடுப்பதே 350 அல்லது 450தான். நோய் முற்றி நிற்கும் நாட்களில் இதைப் போல இரண்டு மடங்குகூடப் போகும். நானே எத்தனை வருடம் அந்த 3 மில்லியை யோசிக்காமல் குப்பையில் போட்டிருக்கிறேன்! குழந்தைகள் வார்டில் இருக்கும் சின்னக் குழாயில் எடுத்தாலும் பரிசோதனைக்குப் போதும். கனடாவில் 25 ஐசியுவில் செய்து பார்த்து 2023இல் எழுதிவிட்டார்கள். இன்னொரு காரணம், நீண்ட நாள் கிருமியோடு போராடிய உடம்பு இரும்பை உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். பீட்ரூட்டுக்கு அந்தப் பூட்டு திறக்காது.

தம்பியிடம் சொல்லுங்கள், நல்ல பிள்ளை, ஆனால் அவன் ரத்தத்தை நேராக அப்பாவுக்கு ஏற்றும் பேச்சே வேண்டாம். சொந்த ரத்தபந்தத்தின் ரத்தத்தை அப்படியே ஏற்றினால், அபூர்வமாக, கொடுத்தவரின் வெள்ளை அணுக்கள் வாங்கியவரின் உடம்பைத் தாக்க ஆரம்பிக்கும். வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். அதனால் அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஓ பாசிட்டிவ் ஒன்றும் கிடைக்காத வகை இல்லை. கொடுக்க ஆசை என்றால் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், யாருக்காவது போகும்.

வற்புறுத்த வேண்டாம். ஸ்பெஷலிஸ்ட் ரவுண்டு வரும் நேரம் பார்த்து நின்று, 50 நிமிடத்தில் அவரைத் தோற்கடிப்பது எது என்று கேளுங்கள். தசையா, சளியா, தண்ணீரா, இதயமா, ராத்திரி தூக்கமில்லாததா? வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் எச்பி எவ்வளவு இறங்கியது என்று உங்கள் 555ஐப் பாருங்கள். பெரிதாக இறங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்கு வேறு காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு வேறு என்ன நோய் என்று நீங்கள் எழுதவே இல்லையே?


பிறைக்காரி
புதன், இரவு 10.05

மிஸ்ஸி அக்கா, இரண்டு தடவை படித்தேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். வியாழக்கிழமை 7.8, ஞாயிற்றுக்கிழமை 7.7. நீங்கள் சொன்ன மாதிரி பெரிதாக இறங்கவில்லை.

வேறு நோய் என்றால் ரத்தக் கொதிப்பு. 2016இல் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலை) போட்டார்கள், வேறு ஆஸ்பத்திரியில். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார், அதனால் எழுதவில்லை. சேர்த்த அன்று ராத்திரி தம்பிதான் கூட இருந்தான், மருந்துப் பையை அப்படியே கொடுத்துவிட்டானாம். ஸ்டென்ட் கார்டு அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிறது.


பழைய மிஸ்ஸி
புதன், இரவு 10.20

ஐயோ, இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா! நான் எழுதிய 7 பாதி அடிபட்டுப் போகிறது. நாளைக்கு முதல் வேலையாக அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். கார்டின் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்துபோகும். மயக்கமருந்துக்காரர் இங்கே இருந்தால் வந்து சொல்லட்டும், இது டாக்டர் பேச வேண்டிய இடம்.


மயக்கமருந்துக்காரன்
வியாழன், அதிகாலை 1.10

கூப்பிட்டதால் வந்தேன். கேஎல்லில் ஆன்கால், இப்போதுதான் மைலோ கலக்கினேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

7 என்பது பொதுவாக நிலையாக இருக்கும் நோயாளிக்கு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு 8 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க ரத்த வங்கிச் சங்கத்தின் 2023 வழிகாட்டி. மிஸ்ஸி சொன்ன கனடா ஆய்வுக்காரர்களே, புதிதாக ஹார்ட் அட்டாக் வந்தவர்களையும் ஓய்வில்கூட நெஞ்சுவலி வருகிறவர்களையும் இந்த முடிவுக்குள் அடக்கவில்லை. ஹார்ட் அட்டாக் வந்து ரத்தமும் குறைந்த 3,504 பேரை வைத்து 2023இல் வந்த ஆய்வில், 30 நாளில் மரணமோ இன்னொரு அட்டாக்கோ குறைவாக ஏற்றியவர்களில் 16.9 சதவீதம், 10க்கு மேல் வைத்திருந்தவர்களில் 14.5. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போது அட்டாக் இல்லை, அதனால் இதை அப்படியே அவருக்குப் பொருத்தவும் முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை நெஞ்சுக்குள் அழுத்தம் அதிகம், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவு. மெஷினைக் கழற்றிய நிமிடம் அது மொத்தமாகத் திரும்பி வரும், இதயத்துக்கு வேலை கூடும். குறுகிய குழாய் உள்ள இதயம் 30, 40 நிமிடம் சமாளித்துவிட்டு விட்டுக்கொடுக்கும், நுரையீரலில் தண்ணீர் கோக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நுரையீரல் தோற்ற மாதிரியே இருக்கும். எனவே கழற்றுவதற்கு முன்பும் திணறும்போதும் ஒரு இசிஜி (இதயத் துடிப்புப் பதிவு), ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) கேளுங்கள். ரத்தம் குறைந்ததும் தண்ணீர் அதிகமானதும் ஒரே ஆளிடம் இருக்கலாம், அப்போது இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யாராவது ரத்தம் ஊறும் ஊசி போடச் சொல்வார்கள், எரித்ரோபொயட்டின். ஐசியுவில் 1,460 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ரத்தம் ஏற்றுவது குறையவில்லை, குழாய்களில் ரத்தக்கட்டி அதிகமானது. ஸ்டென்ட் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்துக்காக ஏற்கெனவே போடுகிறவர்கள் கதை தனி. அழைப்பு வந்துவிட்டது, வருகிறேன்.


ஜெலுத்தோங் அண்ணன்
வியாழன், காலை 6.30

சரி, சூப் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சி, அந்தக் கார்டு பட்டர்வொர்த்தில்தானே இருக்கிறது? ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் மோட்டோரில் போய் எடுத்து வந்து ஐசியு வாசலில் தருகிறேன்.


பிறைக்காரி
பன்னிரண்டு நாள் கழித்து, திங்கள், இரவு 9.50

பதில் போட நேரமில்லை, மன்னிக்கவும். அண்ணன் உண்மையிலேயே மோட்டோரில் போய்க் கார்டைக் கொண்டுவந்தார், மழையில். அத்தை அவருக்கு மீ ஹூன் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஸ்பெஷலிஸ்ட் கார்டைப் பார்த்தார். கோப்பில் இதய நோய் என்று மட்டும்தான் இருந்ததாம், ஸ்டென்ட் என்று இல்லை. கோபப்படவில்லை, யார் மீதும் பழி போடவும் இல்லை. அன்றைக்கே மெஷினைக் கழற்றும்போது இசிஜி எடுத்தார்கள். 45ஆவது நிமிடத்தில் எடுத்ததில் மாற்றம் தெரிந்தது. எக்கோவில் இதயம் கொஞ்சம் மந்தமாக அடிக்கிறது என்றார்கள். கையெழுத்துப் போடும் பாரத்தை இந்தத் தடவை எனக்கு நிதானமாக மலாயில் விளக்கிச் சொன்னார்கள்.

மறுநாள் ஒரே ஒரு பை, பகலில். காலை 10.20க்கு ஆரம்பித்து மதியம் 1.50க்கு முடிந்தது. முதல் 15 நிமிடம் மிஸ்ஸி அங்கேயே நின்று காய்ச்சலும் பிரஷரும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மெஷினைக் கழற்றவில்லை. சிறுநீர் மருந்தும் போட்டார்கள். சாயங்காலம் எச்பி 8.5.

அத்தை மறுநாள் காலையில் விபூதி, பூவோடு வந்துவிட்டார், இன்றைக்கு மெஷினைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று. அப்பா ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தாங்கினார், அவ்வளவுதான். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் நாலு நாள் சிறுநீர் மருந்து ஓடியது, கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிய ஆரம்பித்தது. இதய மாத்திரையையும் திரும்ப ஆரம்பித்தார்கள். பிசியோ பையன் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தான். 3 மணி நேரம், 4, நடுவில் ஒரு நாள் திரும்ப 1, அப்புறம் 6. இன்றைக்கு 9 மணி நேரம். ராத்திரிக்கு இன்னும் மெஷின்தான்.

எது வேலை செய்தது என்று டாக்டரிடம் கேட்டேன், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அத்தை ரத்தம் என்கிறார், தம்பி சிறுநீர் மருந்து என்கிறான், எனக்குப் பிசியோ பையன் மேல்தான் நம்பிக்கை. ஏபிஜி நாலு தடவையிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. அதை நான் கேட்கவே இல்லை அக்கா, கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர்களே குறைத்துவிட்டார்கள். தம்பி சனிக்கிழமை மாலில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தான். கொடுத்துவிட்டு வந்து ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு எங்களை வேலை வாங்கினான்.

நேற்று நான் 555ஐத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா கையை நீட்டிக் கேட்டார். பேனாவையும் கொடுத்தேன். முன்பக்கத்தைத் திருப்பி, அவருடைய பழைய டீக்கணக்குக்குக் கீழே, கோணல்மாணலாக '14 வெள்ளி' என்று எழுதி, தம்பியைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்த வாரத்துப் பாக்கி. தம்பி இன்று காலையில் போய்க் கொடுத்தான். கடைக்காரர் தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, 11தான் என்று 3 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.